பயோகேஸ் தொட்டி காற்று பட்டுச் சாவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமையலறைக் கழிவிலிருந்து எரிவாயு எடுப்பதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல நோக்கத்தோடு எழுதியிருக்கிறார்கள், படங்களும் தெளிவு. ஆனால் அதில் ஒரு வரி உறுத்தியது. பயோகேஸ் தொட்டிக்குள் ஒரு குமிழி காற்று போனாலும் வாயு உண்டாக்கும் பாக்டீரியா எல்லாம் இறந்துவிடும், பிறகு தொட்டியைக் காலி செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான் என்று போட்டிருந்தது. இதே வசனத்தை உங்கள் கட்டுரைக்கு முன்பே ஒரு சர்வீஸ் ஆளின் வாயால் கேட்டவள் நான். இதை நம்பி எங்கள் பக்கத்தில் நன்றாக இருந்த தொட்டியை மூடி, மண் கொட்டி, செம்பருத்தி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வடசென்னையில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கசடு செரிக்கும் பெரிய தொட்டிகளிலிருந்து மாதிரி எடுத்துவந்து பிஹெச் (ஏழு என்றால் நடுநிலை, அதற்குக் கீழே போகப் போக அமிலம்), காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் சக்தி), அமிலம் பார்ப்பது என் வேலை. விஞ்ஞானி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், ப்யூரெட்டும் பிப்பெட்டும் பிடித்துக் கை பழகியவள், அவ்வளவுதான். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் வீடு. (அந்தக் கேட்டைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், இன்றைக்கு வேண்டாம்.)

எங்கள் குடியிருப்பில் மிதக்கும் டிரம் வகைத் தொட்டி ஒன்று இருக்கிறது. கழிவுக் கரைசலின் மேல் கவிழ்ந்து மிதக்கும் டிரம்மில் வாயு சேரும், சேரச் சேர டிரம் எழும்பும். நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ மிஞ்சிய சோறு, காய்கறித் தோல், டீத்தூள் எல்லாம் போகும். வருகிற வாயு தரைத்தளத்தில் இருக்கும் சின்ன மெஸ்ஸுக்கு. போன ஆடியில் டிரம்மில் வால்வுக்கு அடியில் வெல்டிங் விட்டுவிட்டது. டிரம்மைத் தூக்கித் தள்ளி வைத்து, கழுவி, வெயிலில் காயவிட்டு, பட்டறை ஆளை வைத்து அடைத்தோம். அதுவரை தொட்டி வானத்தைப் பார்த்தபடி திறந்து கிடந்தது. அதே வாரம் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். மிஞ்சிய கூழ், பந்தலில் மிஞ்சிய சாதம், அதற்கு அடுத்த நாள் ஒரு வீட்டு விசேஷத்தின் பிரியாணி. "வீணாப் போகுதே, தொட்டியில போட்டா கேஸாவது வரும்" என்று எல்லாவற்றையும் உள்ளே கொட்டிவிட்டார்கள்.

அடுத்த சில நாட்களில் டிரம் எழும்பவில்லை. கொஞ்சம் எழும்பிய வாயுவும் அடுப்பில் பற்றவில்லை. தொட்டி பக்கம் போனால் புளித்த வாடை. தொட்டியைப் பொருத்திக் கொடுத்த கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். டிரம்மைக் கழற்றினோம் என்று செக்ரட்டரி சொன்னதும் உடனே தீர்ப்பு வந்துவிட்டது: "காத்து உள்ள போயிடுச்சும்மா. பாக்டீரியா மொத்தமும் காலி. ஏஎம்சியில, அதான் வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்துல, இது வராது. தொட்டியைக் காலி பண்ணிட்டு புதுசா கல்ச்சர் போடணும்." கல்ச்சர் என்றால் விதையாக ஊற்றும் நுண்ணுயிரிக் கரைசல். காலி செய்ய ஒரு விலை, கல்ச்சருக்கு ஒரு விலை. "தம்பி, பிஹெச் பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் பையில் பிஹெச் தாள்கூட இல்லை. என்னிடம் இருந்த தாளை நனைத்துப் பார்த்தேன். ஐந்தரை. அந்த ஒரு எண்ணிலேயே கதை தெரிந்துவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் காற்றின் கணக்கைப் பார்ப்போம். எங்கள் டிரம்மின் கொள்ளளவு சுமார் 3 கனமீட்டர். அது முழுக்கக் காற்று நிரம்பியிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் சுமார் 270 கிராம். 3 கனமீட்டருக்கு 800 கிராம் சொச்சம். சோறும் காயும் கலந்த ஈரக்கழிவு ஒரு கிலோவை நுண்ணுயிரிகள் முழுசாக எரித்துத் தீர்க்கவே கிட்டத்தட்ட 300 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அதாவது அந்த டிரம் நிறைய இருந்த காற்றை ஒன்றுமில்லாமல் ஆக்க மூன்று கிலோ சாப்பாட்டு மிச்சம் போதும். நாங்கள் போடுவதோ தினம் 50 கிலோ. நட்டம் என்ன? அந்த மூன்று கிலோவிலிருந்து வரவேண்டிய மீத்தேன் வராது. அதை வைத்துச் சின்ன அடுப்பை ஒன்றரை மணி நேரம் எரித்திருக்கலாம். ஒரு வேளைக் குழம்பு போச்சு என்று வேண்டுமானால் சொல்லுங்கள், தொட்டி செத்தது என்று சொல்லாதீர்கள்.

அதுவும் அந்தக் காற்று முழுவதும் கரைசலுக்குள் போனால்தான் இந்தக் கணக்கு. ஆக்சிஜனுக்குத் தண்ணீரில் கரைய அவ்வளவு மனசு கிடையாது. 30 டிகிரியில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஏழரை மில்லிகிராம் கரைந்தாலே பெரிய விஷயம். கரைந்ததும் வேகமாக உள்ளே இறங்காது, காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். பசியோடு இருக்கும் ஸ்லரியின் (தொட்டிக்குள் இருக்கும் கழிவுக் கரைசலின்) மேல்தோலில் ஒரு மில்லிமீட்டர் இறங்குவதற்குள் அதைத் தின்று தீர்த்துவிடுவார்கள்.

யார் தின்பது? இங்கேதான் கட்டுரை தவறவிட்ட விஷயம் இருக்கிறது. தொட்டிக்குள் இருப்பது ஒரே வகை உயிர் இல்லை. சோற்றையும் தோலையும் உடைத்துக் கரைப்பவை ஒரு கூட்டம். கரைந்ததைக் கொழுப்பமிலங்களாக மாற்றுபவை இன்னொன்று. அந்த அமிலங்களை அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் ஆக்குபவை வேறு. கடைசியில் அவற்றை மீத்தேனாக்குபவை. இந்தக் கடைசிக் கூட்டம் பாக்டீரியாவே கிடையாது. கார்ல் வூஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற இருவர் 1977-இல் இவற்றைத் தனிக் கிளை என்று காட்டினார்கள், இன்றைக்கு ஆர்க்கியா என்கிறோம். ஆக்சிஜனுக்குப் பயந்தவை என்றால் முக்கியமாக இந்த மீத்தேன்காரர்கள்தான். முதல் இரண்டு கூட்டங்களில் நிறையப் பேர் இரண்டு விதமாகவும் பிழைக்கத் தெரிந்தவர்கள். ஆக்சிஜன் கிடைத்தால் அதை வைத்துச் சாப்பிடுவார்கள், கிடைக்காவிட்டால் நொதிக்க வைத்துச் சாப்பிடுவார்கள். நம் குடலில் இருக்கும் ஈ.கோலை வகையறா இப்படித்தான். காற்று வந்தால் முதலில் பாய்வது இவர்கள். ஆக்சிஜனில் கிடைக்கும் லாபம் நொதித்தலைவிட அதிகம், விடுவார்களா? மீத்தேன்காரர்களிடம் போய்ச் சேர்வதற்கு முன்பே வாசலிலேயே பங்கு முடிந்துவிடும்.

கொஞ்சம் காற்று பட்டால் உடைத்துக் கரைக்கும் முதல் வேலை வேகம் எடுக்கிறது என்றும் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். நார் அதிகம் உள்ள கழிவுக்கு இது உதவும். எல்லாத் தொட்டிக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை.

இன்னொரு பாதுகாப்பு, அவர்கள் இருக்கும் விதம். தொட்டிக்குள் எல்லாரும் தனித்தனியாக மிதந்துகொண்டிருப்பதில்லை, பிசுபிசுவென்று ஒட்டித் திரளாக இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி வண்டியில் மழை நாளில் படிக்கட்டில் தொங்குபவர்கள் தொப்பலாக நனைவார்கள், உள்ளே நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்பவர்மேல் ஒரு துளி விழாது. திரளுக்குள் மீத்தேன்காரர்களின் நிலை அதுதான். நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தில் காட்ஸே லெட்டிங்கா 1970களில் உருவாக்கிய தொட்டி முறையில் இந்தத் திரள்கள் கடுகு மாதிரி மணிமணியாகவே உருண்டுவிடும். 1989-இல் கான்பூர் ஜாஜ்மௌவில் கங்கைத் திட்டத்தில் வைத்தது இந்த முறைதான். அந்த மணிகளை எடுத்து அதே பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் ஆக்சிஜன் கொடுத்துச் சோதித்தார்கள். உள்ளே இருந்த மீத்தேன் உயிர்கள் எதிர்பார்த்ததைவிட வெகுவாகத் தாங்கின. சுற்றியுள்ள பாக்டீரியாவுக்குத் தின்ன ஏதாவது இருக்கும்வரை ஆக்சிஜன் நடுவரை போவதே இல்லை என்பதுதான் அதில் தெரிந்த காரணம். பட்டினி போட்ட திரளுக்குத்தான் காற்றால் ஆபத்து. எங்கள் தொட்டியில் பட்டினி என்ற பேச்சுக்கே இடமில்லை, கூழும் பிரியாணியும் கழுத்துவரை இருந்தது!

யோசித்துப் பாருங்கள், கழிவுநீர் நிலையத்தில் கசடு வரும் வழியெல்லாம் காற்றுதான். பம்பில் அடித்து, தொட்டியில் விழுந்து, கலக்கி, அப்புறம்தான் செரிக்கும் தொட்டிக்குப் போகிறது. கொடுங்கையூரில் மெட்ரோவாட்டரின் (சென்னைக் குடிநீர் வாரியத்தின்) கழிவுநீர் நிலையம் கசடு வாயுவில் மின்சாரம் எடுக்கிறது, அங்கே போகும் கசடிலிருந்து காற்றை யாரும் பிழிந்து எடுத்துவிட்டு அனுப்புவதில்லை. எங்கள் வீட்டுத் தொட்டியிலும் ஒவ்வொரு வாளிக் கழிவோடும் காற்று போகிறது. ஏன், மிதக்கும் டிரம் தொட்டியை ஒருமுறை குனிந்து பார்த்தால் போதும். டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடைவெளி, அதில் ஸ்லரி இருபத்து நான்கு மணி நேரமும் வெளிக்காற்றில் கிடக்கிறது. காதி கமிஷன் 1960களிலிருந்து நாடு முழுக்கப் பரப்பிய வடிவம் அது. ஒரு குமிழிக்கே எல்லாம் செத்துவிடும் என்றால் கிராமத்தில் ஒரு கோபர் கேஸ் அடுப்புகூட எரிந்திருக்காது.

மீத்தேன்காரர்கள் கையிலும் கொஞ்சம் ஆயுதம் உண்டு. அவர்களுக்குள் ஓடும் முக்கியமான நொதிகளில் இரும்பு-கந்தக அணுக்கூட்டங்கள் இருக்கின்றன, கடைசியாக மீத்தேனை விடுவிக்கும் நொதியின் நடுவில் ஒரு நிக்கல் அணு இருக்கிறது. ஆக்சிஜன் பட்டால் இவை கெட்டுப்போகும், வேலை நிற்கும். அது உண்மை. ஆனால் வேலை நிற்பது வேறு, சாவது வேறு. பல வகைகளிடம் ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் விஷப் பொருள்களைச் சிதைக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகள் இருக்கின்றன. சிலவற்றிடம் ஆக்சிஜனையே பிடித்துத் தண்ணீராக்கிவிடும் நொதியும் உண்டு. கறையானின் குடல் சுவரை ஒட்டி வாழும் மீத்தேன் உயிர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். அத்தனூண்டு குடலில் சுவர் வழியாக ஆக்சிஜன் கசிந்துகொண்டே இருக்கும், அங்கேயே குடித்தனம் நடத்துகிறார்கள்.

இன்னும் பக்கத்தில் சான்று வேண்டுமென்றால் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் போங்கள். கோடையில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், காற்று தாராளமாக உள்ளே போய்வரும். நடவுக்குத் தண்ணீர் கட்டியதும் அதே மண்ணிலிருந்து மீத்தேன் வரத் தொடங்குகிறது. அந்த உயிர்களை யாரும் கம்பெனியில் கல்ச்சர் வாங்கி ஊற்றவில்லை, மண்ணிலேயே காத்துக்கொண்டிருந்தவை. நெல் வேரடியில் மீத்தேன் விடும் ஒரு வகையின் மரபணுத் தொகுப்பை 2006-இல் வெளியிட்டார்கள். ஆக்சிஜனைச் சமாளிக்கும் நொதிகள் அதில் வரிசையாக இருந்தன. மாட்டையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாய்த் தீவனத்தோடும் காற்றையும் சேர்த்துத்தான் விழுங்குகிறது. வயிற்றில் மீத்தேன் நின்றா போகிறது? அந்தச் சாணத்தைத்தானே நாம் தொட்டிக்கு விதையாகப் போடுகிறோம்.

அப்படியானால் "ஒரு குமிழி" கதை எங்கிருந்து வந்தது? ஆய்வகத்திலிருந்துதான், அங்கே அது பொய்யும் இல்லை. மாட்டின் வயிற்று நுண்ணுயிரிகளை ஆராய்ந்த ராபர்ட் ஹங்கேட் என்ற அமெரிக்கர், போன நூற்றாண்டின் நடுவில், இவற்றைக் குழாயில் வளர்க்க ஒரு முறை கண்டுபிடித்தார். ஆக்சிஜன் இல்லாத வாயுவைச் செலுத்திக்கொண்டே, ரப்பர் அடைப்பான் போட்டு, ரிசாசுரின் என்ற சாயத்தை ஊடகத்தில் கலந்து செய்வார்கள். ஆக்சிஜன் எட்டிப் பார்த்தால் இளஞ்சிவப்பு, போய்விட்டால் நிறம் இருக்காது. அப்படி ஒரே ஒரு இனத்தைத் தனியாகப் பிரித்து வளர்க்கும்போது இளஞ்சிவப்பு தெரிந்தால் அந்தக் குழாய் வீண்தான். பக்கத்தில் ஆக்சிஜனைத் தின்ன ஆள் இல்லை, ஒட்டிக்கொள்ளத் திரள் இல்லை. பாடப்புத்தகம் அந்தக் குழாயைப் பார்த்து எழுதியது. சர்வீஸ் ஆள் அதை எங்கள் கூழ்த் தொட்டிக்குப் பொருத்திவிட்டார், பில்லும் போட்டுவிட்டார்.

சரி, எங்கள் தொட்டிக்கு என்ன ஆயிற்று? ஐந்தரை பிஹெச். அமிலம். கூழும் சோறும் ஏற்கெனவே வெந்து குழைந்தவை, உடைக்க வேலையே இல்லை. அமிலம் செய்யும் கூட்டம் சில மணி நேரத்தில் இரண்டு மடங்காகும் கூட்டம். மீத்தேன்காரர்கள் இரண்டு மடங்காக நாள் கணக்காகும், சில வகைகளுக்கு வாரமே பிடிக்கும். ஒரே நேரத்தில் பல நாள் சாப்பாட்டைக் கொட்டினால் முன்னவர்கள் அமிலத்தைக் குவித்துக்கொண்டே போவார்கள், பின்னவர்களால் அதை எடுத்துத் தீர்க்க முடியாது. பிஹெச் 6.5-க்குக் கீழே போனதும் இவர்கள் இன்னும் மெதுவாவார்கள், அமிலம் இன்னும் சேரும். எரியாத வாயு வருவதும் இதனால்தான், அதில் பெரும்பகுதி கரியமில வாயு. நான் வேலை பார்த்த இடத்தில் தொட்டி படுத்தது என்றால் பெரும்பாலும் இந்தக் காரணம்தான், இல்லாவிட்டால் தொழிற்சாலைக் கழிவு ஏதாவது கள்ளத்தனமாக வந்து கலந்திருக்கும். காற்று புகுந்து ஒரு தொட்டி முழுசாகச் செத்தது என்று என் பதிவேட்டில் ஒரு வரிகூட எழுதியதில்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பிஹெச் தாள் முதல் எச்சரிக்கை தரும், ஆனால் அது தாமதமான எச்சரிக்கை. அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம் பார்ப்பது அதைவிட நல்லது. கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு இடத்தில் நிறுத்திக் குறிக்க வேண்டும், கெமிஸ்ட்ரி படித்த காலேஜ் பிள்ளை அரை மணியில் கற்றுக்கொள்ளும். விகிதம் 0.3 பக்கம் இருந்தால் நிம்மதி. 0.4-ஐத் தாண்டிவிட்டால் அன்றைக்கே தீனியைக் குறைக்க வேண்டும்.

நாங்கள் தொட்டியைக் காலி செய்யவில்லை. தீனியை நிறுத்தினோம். சமையல் சோடாவைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் அள்ளிக் கொட்டினால் பிஹெச் ஒரே தாவாகத் தாவும், வீட்டுத் தொட்டிக்கு அது வேண்டாம். வியாசர்பாடியில் ஒரு மாட்டுக் கொட்டகையிலிருந்து பச்சைச் சாணம் வாங்கிக் கரைத்து விட்டோம். பிஹெச் ஏழை நெருங்கியதும் வழக்கமான தீனியில் கால்வாசி, அப்புறம் பாதி. டிரம் எழும்பியதும் முதலில் சேர்ந்த வாயுவை அப்படியே வெளியே விட்டோம், அதில் காற்று கலந்திருக்கும். அதற்குப் பிறகு வந்தது நீலமாக எரிந்தது. கம்பெனிக் கல்ச்சர் ஒரு சொட்டு வாங்கவில்லை. மெஸ் அம்மா முதல் வேலையாக ரசம் வைத்தார்.

காற்றைப் பற்றி இன்னொரு சேதி, இதைக் கேட்டால் அந்த சர்வீஸ் தம்பி நம்ப மாட்டார். பெரிய தொட்டிகளில் வேண்டுமென்றே காற்று விடுகிறார்கள். எங்கள் ஏரியாவில் ஞாயிறு என்றால் காசிமேட்டு மீன். தலை, செதில், குடல், இறால் ஓடு எல்லாம் தொட்டிக்கு வரும். திங்கள், செவ்வாயில் வாயுவுக்கு அழுகின முட்டை நாற்றம் வரும், பித்தளை பர்னர் கறுக்கும். மீனின் புரதத்தில் இருக்கும் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறி வருகிறது. இந்த வாயு அடுப்பையும் இன்ஜினையும் அரிப்பதோடு, அளவு மீறினால் மீத்தேன்காரர்களுக்கே விஷம். ஜெர்மனியின் பண்ணைத் தொட்டிகளில் இதற்குச் செய்யும் வைத்தியம் எளிது. உற்பத்தியாகும் வாயுவின் அளவில் 2 முதல் 6 சதவீதம் காற்றை அளந்து தொட்டியின் மேல்பகுதியில் விடுவார்கள். அங்கே சுவரிலும் கூரையிலும் ஒட்டியிருக்கும் வேறொரு பாக்டீரியாக் கூட்டம் அந்த ஆக்சிஜனைப் பிடித்து ஹைட்ரஜன் சல்ஃபைடை வெறும் கந்தகமாக மாற்றிவிடும். கூரை உட்புறம் மஞ்சள் பூத்துக் கிடக்கும். கீழே ஸ்லரியில் மீத்தேன் வேலை பாட்டுக்கு நடக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மீன்தொட்டி பம்பை வாங்கிச் செருக வேண்டாம். கடிதம் நீளமாகிவிட்டது, வெட்ட வேண்டுமானால் வேறு எதையாவது வெட்டுங்கள், இந்தப் பத்தியைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். காற்றை அளந்து விடுவது மீட்டரும் ஆளும் இருக்கும் இடத்துக்கான வேலை. டிரம்மைத் தூக்கும்போது பக்கத்தில் பீடி, செல்போன் டார்ச், கிரைண்டர் எதுவும் கூடாது. அதைவிட முக்கியம், எந்தக் காரணத்துக்காகவும் தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் நூறு பங்கை) தொட்டாலே மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டதே என்று தைரியமாக இறங்குபவர் திரும்பி வருவதில்லை. தூக்கப் போன இன்னொருவரும் சேர்ந்து போவார். வடசென்னைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, நம் தெருக்களில் எத்தனை வீடுகள் இப்படி ஆளை இழந்திருக்கின்றன. இப்படி ஆளை இறக்குவதற்கு எதிராக 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கு இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. "தொட்டியைக் காலி செய்து புதுசாகத் தொடங்குங்கள்" என்று கட்டுரையில் ஒரு வரி போடுவது சுலபம். அந்தக் காலி செய்யும் வேலையை யார் தலையில் கட்டுவார்கள் என்று எழுதியவர் யோசித்திருந்தால் அந்த வரி வந்திருக்காது.

உண்மையிலேயே காற்று கெடுதல் செய்யும் இடமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஸ்லரியைச் சுற்றிவிடும் பம்ப் உறிஞ்சும் பக்கம் விரிசல் விட்டு நாள் முழுக்கக் காற்றை இழுத்து உள்ளே அடித்துக்கொண்டிருந்தால், தீனியை எல்லாம் முன்வாசல் கூட்டமே எரித்துத் தீர்த்துவிடும், மீத்தேன் படுத்துவிடும். தீனி இல்லாமல் பல வாரம் திறந்து போட்டுக் காயவிட்ட தொட்டியும் சுலபத்தில் எழாது. ஆனால் அதெல்லாம் ஒருநாள் டிரம்மைக் கழற்றிய கதை இல்லை.

இப்போது எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், சென்னையில் தினமும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது, அதில் பெரும்பங்கு ஈரக்கழிவு, வடக்கில் சேர்வதெல்லாம் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கு வந்து நிற்கிறது. அந்தக் குப்பை எரியும் புகையை சுவாசித்துத்தான் எங்கள் பிள்ளைகள் வளர்ந்தன. குப்பையை எரிக்கும் உலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லும்போதெல்லாம் திருப்பிக் கேட்கிறார்கள், "அப்போ ஈரக்குப்பையை என்ன செய்வீங்க?" என்று. 2016 திடக்கழிவு விதிகள் வந்த பிறகு பெரிய குடியிருப்புகளில் வைத்த இந்தத் தொட்டிகள்தான் எங்களிடம் இருந்த பதில். அந்தப் பதில் ஒவ்வொன்றாகச் செம்பருத்தித் தொட்டியாக மாறிக்கொண்டிருக்கிறது. மூடிய இடத்தில் எல்லாம் விசாரித்தால் ஒரே சமாதானம்தான், "காத்து போயிடுச்சாம்". யாரும் பிஹெச் பார்த்ததாகச் சொல்லவில்லை.

ஆகவே பராமரிப்பு ஒப்பந்தம் போடும் குடியிருப்புச் சங்கங்களும், வார்டு அளவில் தொட்டி வைக்கும் மாநகராட்சி அதிகாரிகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்று புகுந்தால் உத்தரவாதம் செல்லாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை பிஹெச், அமிலம், காரத்தன்மை மூன்றையும் பார்த்து எண்ணை எழுதி வைத்துப் போக வேண்டும் என்று போடுங்கள். தினம் எத்தனை கிலோ தீனி போனது என்பதை வாட்ச்மேனே ஒரு நோட்டில் எழுதலாம், எங்கள் வாட்ச்மேன் அண்ணன் எழுதுகிறார். விசேஷம், திருவிழா என்றால் மிச்சத்தை வேறொரு டிரம்மில் மூடிவைத்துச் சில நாளில் பிரித்துப் போடுங்கள், மீதியை உரக்குழிக்கு அனுப்புங்கள். உங்கள் இணைப்பில் அந்த வரிக்கு ஒரு சின்னத் திருத்தம் போட்டால் போதும், தனிக் கட்டுரை வேண்டாம்.

தொட்டி படுத்துவிட்டதென்று நினைப்பவர்கள் காலி செய்வதற்கு முன் ஆசிரியர் வழியாக எனக்குத் தகவல் சொல்லலாம். ஞாயிறு காலையில் மாதிரி கொண்டுவந்தால் அமிலமும் காரத்தன்மையும் பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம். பாட்டிலில் கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியை முறுக்கி இறுக்காதீர்கள். பஸ்ஸில் வருவதற்குள் கேஸ் கட்டிக்கொள்ளும், திறக்கும்போது பக்கத்து சீட்டுக்காரர் சட்டை பாழாகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
கொருக்குப்பேட்டை, சென்னை